காய்ச்சல் போய்விட்டது, மாத்திரை எதற்கு ஆறு மாதம்?

மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

காசநோய் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்கள் மட்டுமே ஒரு கட்டு இருப்பதால், மற்ற நோய்களைப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரமாகக் கேட்டவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் வீட்டில் ஆறு பேர். அண்ணனுக்கு நுரையீரல் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் எங்களோடு ஒரே அறையில் படுத்திருந்தார். மற்ற ஐந்து பேருக்கும் ஒரு இருமல்கூட இல்லை. கிருமி எங்களுக்குள் வரவே இல்லையா, வந்தும் நோய் வரவில்லையா?
— வாசகி, விருத்தாசலம்

உங்களில் சிலருக்காவது கிருமி வந்திருக்கும் என்றே கருத வேண்டும். கிருமி உடலில் புகுவது வேறு, நோய் வருவது வேறு. காசநோயில் இந்த இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம், பெரும்பாலோருக்கு இரண்டாவது நிகழாமலே போகலாம்.

உங்கள் அண்ணன் இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை கீழே விழுந்துவிடும், அல்லது நம் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளியில் ஒட்டிக்கொண்டு வெளியே தள்ளப்பட்டுவிடும். ஈரம் உலர்ந்து மிக நுண்ணியதாகிவிட்ட துளிகள்தான் ஆபத்தானவை; காற்றோட்டம் இல்லாத அறையில் அவை மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும், சுவாசத்தோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேரும். அங்கே காவலுக்கு இருக்கும் பெருவிழுங்கணுக்கள் என்ற வெள்ளணுக்கள், வந்த கிருமியை உடனே விழுங்கிவிடுகின்றன. சாதாரணக் கிருமியாக இருந்தால் அத்தோடு கதை முடிந்தது: விழுங்கப்பட்ட கிருமி ஒரு சிறு பைக்குள் அடைபடும், அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த இன்னொரு பை அதனோடு வந்து இணையும், கிருமி கரைந்துபோகும்.

காசநோய்க் கிருமி அந்த இரண்டு பைகளும் இணைவதைத்தான் தடுக்கிறது. மெழுகு போன்ற நீண்ட கொழுப்பு அமிலங்களால் ஆன தடித்த உறை அதற்கு இருப்பதால் எளிதில் செரிக்கவும் முடியாது. ஆகவே தன்னைக் கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. இந்த நோயின் போக்கில் விசித்திரமாகத் தோன்றும் அநேக விஷயங்களுக்குக் காரணம் இந்த ஒளிவிடமும், கிருமியின் வளர்ச்சியில் உள்ள நிதானமும்தான்.

உடலும் சும்மா இருப்பதில்லை. சில வாரங்களில் நிணநீர்க் கணுக்களிலிருந்து டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் வந்து சேர்ந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்து, விழுங்கணுக்களின் கொல்லும் திறனைக் கூட்டுகின்றன. கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றி அணுக்கள் அடுக்கடுக்காகக் கூடி ஒரு சிறு முடிச்சாகின்றன. அந்த முடிச்சுக்குள் கிருமி சாகலாம். சாகாமல் முடங்கியும் கிடக்கலாம். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படித் தொற்றிய 100 பேரில் வாழ்நாளில் நோயாளியாகிறவர்கள் 5 முதல் 10 பேர். அவர்களிலும் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நோய் வந்துவிடுகிறது. எச்.ஐ.வி. தொற்று, சர்க்கரை நோய், சத்துக்குறைவு, புகை, மது ஆகியவை அந்த முடிச்சைத் தளர்த்துகின்றன. மூட்டுவாத நோய்க்கு, உடல் சுரக்கும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கும் ஊசிகள் புழக்கத்துக்கு வந்தபோது, அவற்றைப் போட்டுக்கொண்ட சிலருக்கு நெடுநாள் முடங்கிக் கிடந்த காசநோய் வெளிப்பட்டது. கிருமியை அடக்கிவைத்திருந்ததில் அந்தப் பொருளுக்கு எத்தனை பங்கு என்பது அப்போது நோயாளிகளிடமே தெரிந்தது. இன்று அந்த ஊசியைத் தொடங்குமுன் காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயமாகிவிட்டது.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, ஐந்து பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானபின், முடங்கிய கிருமி பின்னாளில் எழாமலிருக்கத் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

டெட்டனஸ் கிருமியும் காலரா கிருமியும் நஞ்சைச் சுரந்துதான் நோயை உண்டாக்குகின்றன என்று படித்தேன். காசநோய்க் கிருமி எந்த நஞ்சால் நுரையீரலில் ஓட்டை போடுகிறது?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

நல்ல கேள்வி. டெட்டனஸில் தசை இறுகுவதற்கும் காலராவில் நீராகப் பேதியாவதற்கும் நேரடியாக ஒரு நஞ்சைக் காட்ட முடிவதுபோல, நுரையீரல் ஓட்டைக்கு ஒரு நஞ்சைச் சுட்டிக்காட்ட முடியாது. அந்த ஓட்டையில் பெரும்பங்கு நம் உடலே போட்டது. கிருமியை அழிக்கத் திரண்ட வெள்ளணுக்கள் வெளிவிடும் நொதிகள் சுற்றியிருக்கும் திசுவையும் சேர்த்துக் கரைக்கின்றன. முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போலாகி, பின் நீர்த்து, அருகிலுள்ள மூச்சுக்குழாயை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம்தான் எக்ஸ்ரேயில் தெரியும் ஓட்டை. எச்.ஐ.வி.யால் எதிர்ப்பு ஆற்றல் மிகவும் குறைந்துபோனவர்களுக்குக் காசநோய் வரும்போது, நோய் கடுமையாக இருந்தும் எக்ஸ்ரேயில் ஓட்டை அவ்வளவாகக் காணப்படுவதில்லை என்பதே இதற்குச் சான்று.

கிருமிக்கு இதில் லாபம்தான். ஓட்டைக்குள் காற்று தாராளமாக வருவதால் அது அங்கே கோடிக்கணக்கில் பெருகும். மூச்சுக்குழாய் வழி திறந்திருப்பதால் ஒவ்வொரு இருமலிலும் அடுத்தவரிடம் போகும். மாலையில் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் உருகுதல் ஆகியவற்றுக்கும் உடல் தன் போருக்காகச் சுரக்கும் பொருள்களே பெரும்பாலும் காரணம். முன் பதிலில் சொன்ன டி.என்.எஃப். அவற்றில் ஒன்று: கிருமியை அடக்குவதும் அதுதான், ஆளை இளைக்கவைப்பதும் அதுதான்.

எனக்கு வயது 34. லாரி ஓட்டுகிறேன். நான்கு மருந்து சேர்ந்த காசநோய் மாத்திரையை ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறேன். காய்ச்சல் இல்லை, இருமல் நின்றுவிட்டது, 3 கிலோ எடை கூடியிருக்கிறது. ஆனால் மாத்திரை போட்டாலே குமட்டுகிறது, வண்டியில் போகும்போது பெரும் தொல்லையாக இருக்கிறது. இப்போது நிறுத்திவிட்டு, திரும்ப வந்தால் மறுபடி சாப்பிட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், நாமக்கல்

கூடாது. ஏன் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "டாக்டர் சொன்னார்" என்ற ஒரு காரணத்துக்காக ஆறு மாதம் குமட்டலைப் பொறுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி, வசதியான சூழலில் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்குச் சுமார் 20 மணி நேரம் வேண்டும். நம் மருந்துகளில் பல, கிருமி வளரும்போது செய்யும் ஏதாவது ஒரு வேலையைக் கெடுத்துத்தான் அதைக் கொல்கின்றன. ஐசோனியாசிட் என்ற மருந்து அந்த மெழுகு உறை கட்டப்படுவதைத் தடுக்கிறது. உறை கட்டிக்கொண்டிருக்கும் கிருமி சாகும், ஒன்றும் செய்யாமல் உறங்கும் கிருமியை அது அநேகமாகத் தொடுவதில்லை. உங்கள் நுரையீரலில் இரண்டு வகையும் இருக்கின்றன. வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தவற்றில் பெரும்பகுதியை ஐசோனியாசிட் முதல் சில நாட்களிலேயே கொன்றுவிட்டது. காய்ச்சல் விட்டதும் எடை கூடியதும் அதனால்தான். மிச்சமிருப்பவை அமிலச் சூழலில் ஒடுங்கியிருப்பவை, பாலாடைக்கட்டி போன்ற பகுதியில் உறங்கிக் கிடந்து எப்போதாவது விழிப்பவை. முன்னதைப் பைரசினமைடு கவனிக்கிறது, அந்த மருந்து அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பின்னதைக் கொல்வதில் ரிஃபாம்பிசின் கெட்டிக்காரன்: கிருமி சற்று நேரம் விழித்து, தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கத் தொடங்கினாலே போதும், அது பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் விழிப்பதில்லை, அதற்குத்தான் மாதங்கள் வேண்டியிருக்கின்றன. ரிஃபாம்பிசின் வருவதற்கு முன்பு சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை நீண்டது. அதையும் பைரசினமைடையும் சேர்த்த பிறகுதான் ஆறு மாதமாகக் குறைந்தது. இதே மருந்துகளை வைத்துக்கொண்டு இன்னும் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில் நோய் திரும்பியவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

இனி, "திரும்ப வந்தால் மறுபடி" என்ற யோசனைக்கு வருவோம். எந்த மருந்தையும் காணாத கிருமிக்கூட்டத்திலும், தற்செயலான மரபு மாற்றத்தால் ஐசோனியாசிட்டுக்கு மசியாத கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது சுமார் பத்து கோடியில் ஒன்று இருக்கும். ஓட்டை விழுந்த நுரையீரலில் பத்து கோடி கிருமி இருப்பது சாதாரணம். ஆகவே ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மசியாத சில தப்பிப் பிழைத்து, போட்டியே இல்லாத இடத்தில் பெருகி, சில மாதங்களில் மொத்தக் கூட்டமும் அவற்றின் வாரிசாகிவிடும். இரண்டுக்கும் சேர்த்து மசியாத ஒரு கிருமி வேண்டுமென்றால் கோடி கோடியில் ஒன்றைத் தேட வேண்டும். அத்தனை கிருமிகள் ஒரு மனிதருக்குள் இருக்க வாய்ப்பில்லை. கூட்டு மருந்தின் கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கணக்கை மருத்துவ உலகம் நோயாளிகளின் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைத் தனி மருந்தாகக் கொடுத்து பிரிட்டனில் நடத்திய ஆய்வின் முடிவு 1948இல் வெளியானது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். பெரிய வெற்றி என்றே தோன்றியது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தார்கள். மருந்துக்கு மசியாத கிருமி இடைப்பட்ட காலத்தில் முன்னுக்கு வந்துவிட்டதே வேறுபாடு இவ்வளவு சுருங்கியதற்கு முக்கியக் காரணம்.

நடுவில் நிறுத்துவது, விட்டு விட்டுச் சாப்பிடுவது, நான்கில் ஒன்றை நாமாகவே ஒதுக்குவது ஆகிய எல்லாம் அந்தப் பழைய ஆய்வைச் சொந்த உடம்பில் நடத்திப் பார்ப்பதற்குச் சமம். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே மசியாத பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கும் இப்போது பெடாகுவிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகளைக் கொண்ட ஆறு மாத வாய்வழிச் சிகிச்சை இந்தியாவில் 2024இல் அனுமதி பெற்றிருக்கிறது. ஆனால் அதன் பக்கவிளைவுகளோடு ஒப்பிட்டால் உங்கள் குமட்டல் சிறியது.

குமட்டலுக்கு வழி உண்டு. மருத்துவரிடம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றியோ துணை மருந்து கொடுத்தோ சரிசெய்வார். குமட்டலோடு பசி அறவே போய், கண் மஞ்சளானாலும் வாந்தி நிற்காவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மருந்து ஈரலைத் தாக்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். நீங்கள் ஓட்டுநர் என்பதால் இன்னொன்று: உங்கள் நான்கு மருந்துகளில் ஒன்றான எதாம்பியூட்டால் அரிதாகப் பார்வை நரம்பைத் தாக்கும், அப்போது சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் தடுமாற்றம் வரும். சிக்னல் விளக்கின் நிறம் மங்கித் தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். மாத்திரைகளின் எண்ணிக்கை உடல் எடையைப் பொறுத்தது. 3 கிலோ கூடியிருப்பதால் அடுத்த முறை எடை பார்த்து, அளவை மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள்.

மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. சிறுநீரகம் கெடுகிறதா?
— வாசகி, காரைக்குடி

இல்லை. ரிஃபாம்பிசினின் நிறம் அது. வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும், வெள்ளைச் சட்டையில் கறை படியும். ஆனால் அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும், யாரும் கேட்காததால் நானே சொல்லிவைக்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. தடுப்பூசி போடுகிறோம், கையில் தழும்பும் இருக்கிறது. பிறகு ஏன் பெரியவர்களுக்குக் காசநோய் வருகிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், செய்யாறு

உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு விடை கிடைத்தது. கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டின் மேல் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்கச் செய்து உருவாக்கிய தடுப்பூசி இது. 1921இல் முதன்முதலில் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்பதில் நாட்டுக்கு நாடு முடிவு மாறியதால், 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2.6 லட்சம் மக்களைக் கொண்டு மிகப் பெரிய ஆய்வு தொடங்கியது. பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தும், பெரியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்ததாகக் காணவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக்காரக் கிருமிகளின் பழக்கம் தடுப்பூசியின் வேலையை மறைத்துவிடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகையையும் உடல் முழுதும் பரவும் வகையையும் அது நன்றாகவே தடுக்கிறது. அதற்காகத்தான் போடுகிறோம், கட்டாயம் போட வேண்டும்.

என் மகளுக்குக் காசநோய் என்று தெரிந்ததும், அவள் மாமியார் தட்டு, டம்ளர், பாயோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். மருந்து தொடங்கி ஒரு மாதம் முடிந்துவிட்டது. தாம்பரம் போன்ற இடத்தில் சேர்த்தால்தான் அழைத்துக்கொள்வோம் என்கிறார்கள். சேர்க்க வேண்டுமா?
— வாசகர், அறந்தாங்கி

வேண்டியதில்லை. காசநோய் தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை, காற்றில் பரவுகிறது. மருந்துக்கு மசியும் கிருமியாக இருந்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், சுமார் இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை பெருமளவு அடங்கிவிடும்.

நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும்தான் மருந்து என்றிருந்த காலத்தில், 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மருந்துகள் வந்தபிறகும் நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் மாறாமல் இருந்தது. அதை மாற்றியது சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 200 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தது, பாதிப் பேருக்கு நெரிசலான வீட்டிலேயே அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன, வீட்டில் இரண்டுமே குறைவு. அப்படியிருந்தும் வேறுபாடு அவ்வளவுதான். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகுதான் பல நாடுகளில் வீட்டுச் சிகிச்சை வழக்கமானது. உங்கள் சம்பந்தி வீட்டாரிடம் நீங்கள் சொன்னால் எடுபடாது என்றால், சுகாதார நிலையத்தின் காசநோய்ப் பணியாளரை அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்து விளக்கிச் சொல்வது அவருடைய பணியில் சேர்ந்தது. கூடவே அந்த வீட்டாரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், மகளுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாதல்லவா?

காசநோயாளிக்கு ஆட்டுக்கால் சூப், பேரீச்சம்பழம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கொடுப்பது?
— வாசகி, உசிலம்பட்டி

எதுவானாலும் வயிறாரக் கொடுங்கள். சூப்பைவிட அதிலுள்ள கறி மேல். விலை உயர்ந்த சத்துமாவு டப்பாக்கள் தேவையில்லை. முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, பால் போதும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் கூடுதல் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டால் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. தடுப்பூசியால் நமக்குக் கிடைக்காத பலனை அரிசியும் பருப்பும் தந்திருக்கின்றன. அரசு நோயாளிக்கு வழங்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாகியிருக்கிறது. வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரமாக இருமல். மருந்துக்கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், குறைந்தது, பிறகு திரும்பிவிட்டது. வேறு மாத்திரை மாற்றிச் சாப்பிடலாமா?
— வாசகர், பல்லடம்

கடையில் கொடுத்த மாத்திரையின் பெயர் லீவோஃப்ளாக்சசின் போல "ஃப்ளாக்சசின்" என்று முடிகிறதா என்று அட்டையைப் பாருங்கள். அந்த வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால் தற்காலிகமாகச் சுகம் தெரியும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், தனி மருந்தாகப் போனதால் கிருமி அதற்கு மசியாமல் போகவும் வாய்ப்புண்டு. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். அரசு நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் போன்ற கருவிகள், கிருமி இருக்கிறதா என்பதையும் ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகின்றன.

டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்ற முடிவோடு திரும்புகிறவர்கள் ஏராளம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமிக் கெட்டியான சளியை எடுங்கள். டப்பாவின் மூடியை இறுக்கி, அன்றே ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.